கடைசி வீட்டுக் கனெக்‌ஷன்

பஸ்ஸு இப்போதைக்கு நகராதுங்க. முன்னால குழி தோண்டிட்டு இருக்காங்க, ஒரு பக்கமாத்தான் வண்டிய விடறாங்க. அவங்களத் திட்டாதீங்க தம்பி. பாதாளச் சாக்கடைக்குத்தான் தோண்டறாங்க. அது ஒரு ஊருக்கு வர்றது லேசுப்பட்ட காரியமில்லைங்க. ஊருக்கு வந்த பொறகு நம்ம வீட்டுக்கு வரணும் பாருங்க, அது அதைவிடப் பெரிய காரியம். நான் வாங்கீட்டேன். எங்க வீதியில கடைசி வீடு என்னுது. அதுக்கே வாங்கீட்டேன்.

ஈரோட்டுக்குத்தான் போறேன், மக வீட்டுக்கு. எங்கூட்டம்மா, எம்பட சம்சாரம், அங்கதான் இருக்குது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுக்காக முந்தின நாளே நான் கெளம்பிருவேன். அதை அப்பறம் சொல்றேன். மொதல்ல இந்தக் குழாய் விசயத்தைச் சொல்லிடறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

நான் கூட்டுறவு நூல் மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தனுங்க. யார் எப்ப உள்ள வந்தாங்க, எப்ப வெளிய போனாங்கன்னு பாக்கற வேலை. சங்கு ஊதினதுக்கு அப்பறம் வந்தா எம்பட கூடப் பொறந்த தம்பியா இருந்தாலும் மில்லு கேட்டு தொறக்காது. ஒரு நாள் நெசமாவே தம்பிதான் வந்து நின்னான். தொறக்கலை. மில்லை மூடற வரைக்கும் எம்மேல ஒரு சொல்லு வந்ததில்லைங்க. எதுக்குச் சொல்றேன்னா, நான் ரூல்ஸை மதிக்கற ஆளு. வீதியில எல்லாத்துக்கும் அது தெரியும். எங்கூட்டம்மாவுக்கு இன்னும் நல்லாத் தெரியும்.

எங்க வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில ஒரு செப்டிக் டேங்க் இருந்துச்சு. வீடு கட்டறப்பவே கட்டினது. அது ரொம்புனா மேல் தண்ணி மட்டும் ஒரு குழாய் வழியா வீதிச் சாக்கடைக்குப் போயிரும். எங்க வீதியில எல்லா வீட்டுலயும் அப்படித்தான் விட்டிருந்தாங்க. தப்புதான். ஆனா அன்னைக்கு அதைத் தப்புன்னு யாரும் சொல்லலை. பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்துச்சு பாருங்க, அப்பத்தான் ஆட்டோவுல மைக் கட்டி சொல்லீட்டுப் போனாங்க. திட்டத்துக்குள்ள வர்ற வீடுக எல்லாம் டேங்க் தண்ணிய வீதிச் சாக்கடையில விடக்கூடாது, அந்தக் குழாயை அடைச்சிரணும், புதுசா டேங்க் கட்டக்கூடாது, எல்லாரும் பெரிய குழாயிலதான் சேத்திக்கணும்னு. நான் அந்த வாரமே கொத்தனாரக் கூட்டியாந்து சிமெண்டு வெச்சு அடைச்சுட்டேன். வீதியிலயே மொதல் ஆளு நாந்தான். கொத்தனார் கூட, ஏனுங்க, மொதல்ல கனெக்‌ஷன் வரட்டுமே, அப்பறம் அடைச்சுக்கலாமேன்னார். அடைக்கச் சொன்னா அடைக்கணும், நீ உன்ற வேலையப் பாருன்னு சொன்னேன்.

குழாய் வந்துச்சு. வீதி முழுக்க வந்துச்சு. எங்க வீட்டுக்கு முந்தின வீடு ஜீனத்தம்மா வீடு. அவங்க பையன் சாதிக் லோடு ஆட்டோ ஓட்டறான். அவங்க வீட்டு வாசல் வரைக்கும் குழாய் வந்துச்சு, அங்க ஒரு பெரிய மேன்ஹோல் கட்டினாங்க. அதுக்கு இந்தப் பக்கம் பாறை. மிசினை வெச்சு ரெண்டு நாள் குடைஞ்சு பாத்தாங்க. மூணாம் நாள் மிசினைக் காணம். காண்ட்ராக்ட்காரரும் வரலை. அந்த மூடியில இருந்து எங்க வாசலுக்கு, ரெண்டு சேலையை நீட்டிப் போட்டா எட்டிரும். அவ்வளவு தூரம்தான்.

நகராட்சி ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்த எஞ்சினியர், ஏ.இ.ம்பாங்க, சின்ன வயசு, நல்ல மாதிரித்தான் பேசினார். குழாய் இல்லாத எடத்துக்கு கனெக்‌ஷன் குடுக்க முடியாதுங்கன்னார். சரி, அப்ப டேங்குக்குப் பக்கத்துல உறிஞ்சு குழி ஒண்ணு தோண்டிக்கறேன், அனுமதி குடுங்கன்னேன். அதுக்கு அவர், உங்க வீடு திட்டத்துக்குள்ள வருது, உறிஞ்சு குழிக்கு அனுமதி கெடையாதுங்கன்னார். அப்ப என்னங்க பண்றதுன்னு கேட்டேன். குழாய் வர்ற வரைக்கும் பொறுங்கன்னார். அவர் சொன்னதும் ரூல்ஸ்தானுங்க. அவரைக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்லை.

தண்ணி போறதுக்கு வழியில்லாத டேங்க் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ரொம்பீரும். ரொம்புனா லாரிக்குச் சொல்லணும். நகராட்சி லாரி ஊருக்கே ஒண்ணு, அது நம்ம வாசலுக்கு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். தனியார் லாரி கூப்பிட்ட ஒடனே வரும். ஆனா அவன் எடுத்துட்டுப் போயி ஏரியில கொட்டறான். அதைத் தெரிஞ்சுக்கிட்டே அவனைக் கூப்பிடறது எப்படிங்க? நான் கூப்பிடலை.

அதனால வீட்டுல ஒரு ஒழுங்கு பண்ணினேன். குளிக்கற தண்ணி, பாத்திரம் கழுவற தண்ணி எல்லாம் தென்னைமரத்துக்குப் போற மாதிரி வாய்க்கா வெட்டி விட்டேன். கக்கூசுல இருந்த பைப்புத் திருகைக் கழட்டி அலமாரியில வெச்சுட்டேன். உள்ள ஒரு சின்ன வாளி. ஒண்ணுக்குப் போனா அரை மக்கு, மத்ததுக்கு ரெண்டு மக்கு. அவ்வளவுதான். நான் என்ன பண்ணுவேன், காலையில எந்திரிச்சு பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்துக்கு நடந்துருவேன். மத்த நேரத்துக்கு ஆம்பளைக்கு என்னங்க, எதுத்தாப்பல காலி எடம் கெடக்குது. எங்கூட்டம்மாவை ஒரு எடத்துக்கும் அலைய விடலை. அதுக்கு எல்லாம் வீட்டுக்குள்ளயே.

சாயங்காலம் வந்ததும் கேப்பேன், இன்னைக்கு எத்தனை வாட்டி ஊத்துனேன்னு. மொதல்ல நாலு, அஞ்சுன்னு சொல்லீட்டு இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ம்னு கேட்டுக்குவேன். அப்பறம் மூணாச்சு. அப்பறம் ரெண்டு. சித்திரை மாசம் நல்ல வெயில்ல ஒரு நாள், ஒருக்காத்தானுங்கன்னுச்சு. நான் மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கோகிலா, உங்கம்மா மாதிரி சிக்கனம் வேற யாருக்கும் வராதுன்னேன். அதுவும் சிரிச்சுது.

ஜீனத்தம்மா நல்ல மனுசி. அதைச் சொல்லணும். ஒரு நாள் சாதிக்கை அனுப்பிச்சு விட்டாங்க. அவன் வந்து, மாமா, எங்க சாக்கடைச் சேம்பர் உங்க காம்பவுண்டை ஒட்டித்தான் இருக்குது, ஒரு குழாய் வெச்சு சேத்துக்கங்க, அரை நாள் வேலை, நானே ஆளக் கூட்டியாரேன்னான். நான் அவனை உக்கார வெச்சு, காப்பி குடுத்து, பொறுமையா எடுத்துச் சொன்னேன். ஒரு கதவு நம்பருக்கு ஒரு கனெக்‌ஷன். இன்னொரு வீட்டு சேம்பர்ல சேத்தறது ரூல்ஸ்படி குத்தம். நாளைக்கு அடைச்சுக்கிச்சுன்னா உங்களையும் சேத்துக் கேப்பாங்க. அவன் தலையத் தலைய ஆட்டீட்டுப் போயிட்டான்.

அவன் போன பொறகு எங்கூட்டம்மா அடுப்படி வாசப்படியில நின்னுக்கிட்டுக் கேட்டுச்சு. "அவங்களாத்தான சொல்றாங்க, சேத்திக்கலாங்களா?"

"எம்பேரு இது வரைக்கும் ஒரு ஆபீஸ்லயும் தப்பா வந்ததில்லை"ன்னேன்.

சரிங்கன்னுச்சு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அது அப்படித்தானுங்க, ஒரு வாட்டி சொன்னாப் புரிஞ்சுக்கும்.

நீங்க குடிங்க தம்பி, எனக்குத் தண்ணி வேண்டாம். குடிச்சுக் குடிச்சு வெக்கையில எதுக்கு. நீங்க குடிங்க.

அப்பறம் என்னாச்சுன்னா, எங்கூட்டம்மா அடிக்கடி ஜீனத்தம்மா வீட்டுக்குப் போக ஆரம்பிச்சுது. பத்து மணிக்கு ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. கறிவேப்பிலைங்கும், தைக்கக் குடுத்த ஜாக்கெட்டுங்கும். ஏதோ ஒண்ணு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அது வாசல்ல நின்னு பேசுன ஆளில்லை. திடீர்னு இப்படின்னா? சும்மா சும்மா அடுத்த வீட்டுல போயி உக்காராத, அவங்களுக்கும் சோலி இருக்கும்னு ஒரு நாள் சொன்னேன். அதுல இருந்து போறதைக் கொறைச்சுக்கிச்சு.

நான் அப்ப முழுநேரமும் இதே வேலையா அலைஞ்சனுங்க. ஆபீஸ், கவுன்சிலர் வீடு, மறுபடியும் ஆபீஸ். ஒருத்தர் அளக்கறதுக்கு வந்தார், அளந்துட்டுப் போனார். கமிஷனர் மாறினார். புது கமிஷனர் மறுபடியும் அளக்கச் சொன்னார். எங்கூட்டம்மாவுக்கு நடுவுல ரெண்டு மூணு வாட்டி காய்ச்சல் வந்துச்சு. குளிர் காய்ச்சல், ஒடம்பு தூக்கிப் போடும். மருந்துக் கடையில சொல்லி மாத்திரை வாங்கிக் குடுத்தேன், நின்னுச்சு. அதுக்கு சக்கரை ஏற்கெனவே இருக்குது. அதனால வர்றதுன்னு நெனைச்சுக்கிட்டேன். இடுப்பு வலிக்குதுன்னுச்சு, தைலம் வாங்கியாந்தேன். ஒண்ணும் வாங்கித் தராம இல்லைங்க.

கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கற நாள்னு ஒண்ணு வெப்பாங்க, தெரியுமில்லைங்க? அங்க போனேன். கூட்டமான கூட்டம். டோக்கன் வாங்கீட்டு உக்காந்திருக்கறப்ப சாதிக் போன் பண்ணினான். மாமா, அத்தைக்கு ரொம்ப முடியலை, பாத்ரூம் வாசல்லயே விழுந்து கெடந்தாங்க, எங்கம்மாவும் நானும் வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்க நேரா அங்க வந்துருங்கன்னான். எனக்கு முன்னால ஏழெட்டுப் பேருதான் இருந்தாங்க. எந்திரிச்சா அடுத்த வாரம்தான். சாதிக் பாத்துக்குவான்னு உக்காந்திருந்தேன். அன்னைக்குத்தான் கலெக்டர் எம்பட மனுவைக் கையில வாங்கி, பக்கத்துல இருந்தவரக் கூப்பிட்டு, இது என்னய்யா, அடைக்கவும் சொல்லியிருக்கீங்க, கட்டவும் விடலை, குழாயும் போடலைன்னு கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க அத்தனை நாள் நடந்தேன். அதைக் கேட்டுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்.

கட்டில்ல படுத்திருந்துச்சு. குளுகோஸ் ஏறுது. நான் விசயத்தைச் சொன்னேன், கலெக்டரே கேட்டுட்டாருன்னு. கண்ணத் தொறந்து பாத்துச்சு. அப்ப ஒரு டாக்டரம்மா வந்தாங்க. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிப்பீங்கன்னு அதுகிட்டக் கேட்டாங்க. அது எம்பட மொகத்தைப் பாத்துச்சு. நாந்தான் சொன்னேன், வீட்டுலயே இருக்கறதுங்க, தேவையானது குடிக்கும்னு.

ஜீனத்தம்மா கால்மாட்டுல நின்னுட்டு இருந்தாங்க. நான் பேசி முடிச்சதும் டாக்டரம்மாகிட்டச் சொன்னாங்க. "நாகரத்தினம் அவ வீட்டுல தண்ணியே குடிக்கறதில்லைங்க டாக்டர். எங்க வீட்டுக்கு வந்தா ஒரு சொம்பு குடிப்பா. கொஞ்ச நேரம் உக்காந்து, எங்க பாத்ரூமுக்குப் போயிட்டுப் போவா. இப்ப ரெண்டு மாசமா அதுக்கும் வர்றதில்லை."

டாக்டரம்மா அதைச் சீட்டுல குறிச்சுக்கிட்டாங்க. எழுதிக்கிட்டே இருந்தாங்க.

எனக்கு இது ஒண்ணுமே தெரியாது. பொம்பளைங்களுக்குள்ள பேசிக்கறது நமக்கெப்படித் தெரியும்? மக ஈரோட்டுல இருந்து வந்துச்சு. வராந்தாவுல என்னைய நிக்க வெச்சு, "அப்பா, அம்மா ஒரு வருசமா தாகத்தோட இருந்திருக்குது"ன்னுச்சு. அழுகலை, சத்தம் போடலை. சும்மா சொல்லுச்சு. கோகிலா, தண்ணி குடிக்க வேண்டாம்னு நான் ஒரு நாளும் சொல்லலை, ஊத்தறதைத்தான் கொறைக்கச் சொன்னேன், நீயே அம்மாகிட்டக் கேளுன்னேன். கேக்க வேண்டாம்பான்னுட்டு உள்ள போயிருச்சு.

நீங்களே சொல்லுங்க. நான் சொன்னது அதைத்தான?

ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க. கல்லு அடைச்சு, சீழ் புடிச்சு, திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்து, சக்கரையும் சேந்து போச்சுன்னாங்க. சக்கரைன்னு அவங்களே சொன்னாங்க. சக்கரை இருந்தா யாருக்கு வேணாலும் வரும்.

மக கையோட ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. அங்க அந்த டயாலிசிஸ் மிசின் வெச்ச ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குது. கையில ஒரு ஆபரேசன் பண்ணி, நரம்பை ஒண்ணாச் சேத்து, அதுல ஊசியக் குத்தி ரத்தத்தை வெளிய எடுத்து சுத்தம் பண்ணி உள்ள விடறாங்க. நாலு மணி நேரம் ஆகும். அந்தக் கையைத் தொட்டா உள்ள மோட்டார் ஓடற மாதிரி இருக்கும். நான் தொட்டுப் பாத்திருக்கேன்.

அது போயி ரெண்டு மாசத்துல எங்க வீதிக்கு மிசின் வந்துச்சு. பாறையை ஒடைச்சாங்க. எங்க வாசலுக்குக் குழாய் வந்துச்சு, எங்களுக்குன்னு தனி சேம்பர் வந்துச்சு. டேங்கைக் காலி பண்ணி மண்ணைப் போட்டு மூடச் சொன்னாங்க, மூடிட்டேன். எங்களுக்கு அந்தப் பக்கம் சைட்டு வாங்கிப் போட்டவங்க எல்லாம் வந்து கையப் புடிச்சுக்கிட்டாங்க. நீங்க இல்லைன்னா இது வந்திருக்காதுங்கன்னாங்க. கவுன்சிலர் ஒரு துண்டைப் போத்தி விட்டார். வீட்டுக்குள்ள வந்து அந்தத் துண்டை நாற்காலி மேல போட்டேன். வீட்டுல யாரும் இல்லைங்க.

ஈரோட்டுக்குப் போயி சொன்னேன், வந்துருச்சு, வீட்டுக்குப் போலாம்னு. எங்கூட்டம்மா கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. "நல்லதுங்க. நீங்க இருங்க, நான் இங்க இருந்துக்கறேன்"ன்னுச்சு. ஆஸ்பத்திரி பக்கம்கறதுக்காகச் சொல்லியிருக்கும். நானும் வற்புறுத்தலை.

இப்ப அதுக்குத் தண்ணி அளவுதானுங்க. நம்மள மாதிரி குடிக்கக் கூடாது. குடிச்சா வெளிய போறதுக்கு வழியில்லை, கால் வீங்கீரும், மூச்சு வாங்கும். ஒரு நாளைக்கு மூணு டம்ளர். சோத்துல ஊத்தற ரசம் கூட அதுல கணக்கு. மக வீட்டுல பேரப் பசங்க பாவம் பாத்து ஒரு வாய் குடுத்துருவாங்க. மருமகன் குடுத்துருவார். நான் இருந்தா அது நடக்காது. நான் இருக்கற நாள்ல சரியா இருக்கும். டாக்டரே சொல்லியிருக்கார், சார் வந்தா எடை கட்டுப்பாட்டுல இருக்குதுன்னு. போன வாரம், இன்னும் ஒரே ஒரு வாய் குடுங்கன்னு கேட்டுச்சு. உதடெல்லாம் காஞ்சு வெடிச்சிருந்துச்சு. குடுக்கலை. துணிய நனைச்சு உதட்டைத் தொடைச்சு விட்டேன். அந்தத் துணிய விடாமப் புடிச்சுக்கிச்சு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். அது எதுத்தாப்பல இருக்கறப்ப நான் தண்ணி குடிக்கறதில்லைங்க. குடிக்காம இருந்து பழகீட்டேன்.

போன மாசம் ஒரு வாட்டி ஊருக்கு வந்துச்சு. சாதிக்குக்குக் கல்யாணம். ஜீனத்தம்மா போன் பண்ணி, நீ வராம எப்படி நாகரத்தினம்னு கேட்டிருக்காங்க. மக வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, மிசினுக்குப் போயிட்டு வந்த மறுநாள் கார் வெச்சுக்கிட்டு வந்துச்சு. நான் முன்கூட்டியே எல்லாம் பண்ணி வெச்சிருந்தேன். பாத்ரூமை இடிச்சு டைல்ஸ் ஒட்டி, அதுக்கு முட்டி வலி இருக்குதுன்னு உக்கார்ற மாதிரி கோப்பை வெச்சு, மேல ஃப்ளஷ் தொட்டி வெச்சு. புடிச்சுக்கறதுக்குச் செவுத்துல கம்பி கூட வெச்சிருந்தேன்.

வந்ததும் வராததுமா கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். கதவைத் தொறந்து விட்டு, உள்ள போ, போயிட்டு வா, எத்தனை தண்ணி வேணாலும் ஊத்திக்கன்னேன்.

இப்ப அதுக்கு ஒண்ணுக்கு வர்றதில்லைங்க. அந்த மிசினுக்குப் போறவங்களுக்கு நாள் போகப் போக நின்னு போயிருமாமா. ஆஸ்பத்திரியில எங்கிட்டத்தான் சொன்னாங்க, எனக்குத் தெரியும். அன்னைக்கு மறந்து போச்சு.

அதை அது எங்கிட்டச் சொல்லலை. உள்ள போயி கோப்பையப் பாத்துச்சு, டைல்ஸைத் தடவிப் பாத்துச்சு. நாந்தான் அமுக்கற எடத்தைக் காட்டினேன். அமுக்குச்சு. தண்ணி ஒரே கொட்டாக் கொட்டி, சுத்தி, உள்ள போச்சு. வெளிய சேம்பர்ல விழுகற சத்தம் கூடக் கேட்டுச்சு.

"நல்லாப் போகுதுங்க"ன்னுச்சு.

ஆமான்னேன்.

"இன்னொருக்கா அமுக்கிக்கட்டுங்களா?"

அமுக்கு, யாரு கேக்கறதுன்னேன். ஆனா தொட்டி ரொம்பணுமில்லைங்க, அதுக்குச் செத்த நேரம் ஆகும். ரெண்டு பேரும் அங்கயே நின்னோம். தண்ணி ஏறற சத்தம் அடங்கினதும் மறுபடியும் அமுக்குச்சு. குனிஞ்சு, தண்ணி போறதையே பாத்துட்டு இருந்துச்சு. பக்கத்து வீட்டுல கல்யாணத்துக்கு ரேடியோ செட்டுல பாட்டுப் போட்டிருந்தாங்க. ஜீனத்தம்மா வாசல்ல வந்து கூப்பிட்டாங்க, சாப்பாடு ஆயிருச்சுன்னு. வர்றோம்னேன். அது அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு, தொட்டி மறுபடியும் ரொம்பட்டும்னு நின்னுச்சு. நானும் கூடவே நின்னனுங்க.